அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வில் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் நலன் முரணும்: லேபில் சேர்ந்த நாள் முதல் செய்ய வேண்டியவை

2024இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் ஒரு ஏற்றுமதி விதிமீறலில் சிக்கியது. அனுப்பிய சரக்கு என்ன தெரியுமா? பழ ஈக்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி வட்டமிடுமே, அதே ஈ. மரபணு ஆய்வுக்காக வளர்த்த அந்த ஈக்களில் சில வகைகளுக்குள் ரைசின் நச்சின் ஏ பகுதியை உருவாக்கும் மரபணு இருந்தது. ரைசின் ஆமணக்கு விதையில் இருக்கும் நச்சு. நாம் விளக்கெண்ணெய் ஆட்டுகிறோமே, அந்த ஆமணக்குதான். அந்த மரபணுவுக்கு அமெரிக்காவின் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1சி353 என்று ஓர் எண் உண்டு. அது தெரியாமலே 42 முறை உரிமம் இன்றி வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு ஈக்கள் போயிருந்தன. பல்கலைக்கழகமே முன்வந்து தெரிவித்தது. அபராதத் தொகை எதுவும் விதிக்கப்படவில்லை.

ஏற்றுமதி என்றால் நமக்குத் தூத்துக்குடித் துறைமுகமும் கண்டெய்னரும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடமாக ஆய்வு வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னை, கோவை, திருச்சியிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். சிம் கார்டு, வாடகை வீடு, குக்கர் வரை எல்லாவற்றுக்கும் சீனியர்கள் வாட்ஸாப்பில் வழி சொல்லிவிடுகிறார்கள். இதற்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் அலுவலகம் ஒரு கட்டடத்தில் இருக்கும். நலன் முரணை, அதாவது ஆய்வாளரின் சொந்த ஆதாயம் ஆய்வோடு மோதுவதை, பார்க்கும் அலுவலகம் வேறொன்றில். இரண்டுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனிப் பயிற்சி. ஆனால் மாணவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில். ஆய்வை வெளிப்படையாகப் பிரசுரிக்கும் சுதந்திரம்தான் உங்களுக்குக் கேடயம். யாருடைய தனி ஆதாயமோ உள்ளே நுழையும்போது முதலில் கழன்று விழுவதும் அந்தக் கேடயம்தான்.

தொடங்கும் முன்: மூன்று சட்டங்கள்

ஈ.ஏ.ஆர். என்பது வணிகத் துறையின் விதி. சாதாரணமாகவும் ராணுவத்துக்காகவும் பயன்படக்கூடிய பொருள்கள், மென்பொருள், தொழில்நுட்பம் எல்லாம் இதில் வரும். ஐடார் என்பது வெளியுறவுத் துறையின் விதி. ஆயுதங்களுக்கும் ராணுவத்துக்கென்றே வடிவமைத்தவற்றுக்கும் இது. மூன்றாவது ஓஃபாக் என்ற அலுவலகம், கருவூலத் துறையின் கீழ் ஈரான், கியூபா, வட கொரியா போன்ற நாடுகள் மீதான தடைகளைக் கவனிக்கிறது. பெரும்பாலான லேப்களில் நாம் தினமும் உரசுவது ஈ.ஏ.ஆரோடுதான். வேண்டுமென்றே மீறினால், ஈ.ஏ.ஆரிலும் சரி, ஐடாரிலும் சரி, ஒவ்வொரு மீறலுக்கும் 20 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு.

படி 1: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதி அல்லது தஞ்சம் பெற்றவர்கள் தவிர மற்ற எல்லோரும் 'வெளிநாட்டு நபர்'. எஃப்-1, ஜே-1, எச்-1பி என எந்த விசாவில் இருந்தாலும் நீங்கள் இந்தப் பட்டியலில்தான். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு வரைபடத்தையோ மூல நிரலையோ அமெரிக்க மண்ணிலேயே உங்களுக்குக் காட்டினால், அது உங்கள் நாட்டுக்கே ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்தாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'டீம்டு எக்ஸ்போர்ட்' என்பார்கள்; 'ஏற்றுமதியாகக் கருதப்படுவது' என்று சொல்லலாம்.

எந்த நாடு என்பதிலும் இரண்டு விதிகளும் வேறுபடுகின்றன. ஈ.ஏ.ஆர். உங்கள் கடைசிக் குடியுரிமையை அல்லது நிரந்தர வசிப்பிடத்தைப் பார்க்கும். ஐடார் அதற்கு முன் இருந்த குடியுரிமைகளையும் சேர்த்தே பார்க்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்து கனடாக் குடிமகனாக வந்தவருக்கு ஈ.ஏ.ஆர். கணக்கில் கனடா மட்டும்; ஐடார் கணக்கில் இலங்கையும் கனடாவும்.

எச்-1பிக்கு விண்ணப்பிக்கும்போது ஐ-129 படிவத்தின் 6ஆம் பகுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த நபருக்குக் காட்டப்போகும் தொழில்நுட்பத்துக்கு உரிமம் தேவையா இல்லையா என்று பல்கலைக்கழகம் அங்கே உறுதிமொழி கொடுக்கிறது. 2011 முதல் உள்ள நடைமுறை இது. அந்த உறுதிமொழிக்கு அடிப்படை, உங்கள் அட்வைசர் நிரப்பிக் கொடுக்கும் ஒரு கேள்வித்தாள். என் விஷயத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். லேபில் இருந்த அகச்சிவப்புக் கேமராவைப் பற்றி ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து போன் வந்த பிறகுதான் எல்லோரும் அந்தத் தாளை வாசித்தோம். கையெழுத்து அவர்களுடையது, விசா உங்களுடையது. அதனால் நீங்களும் படியுங்கள்.

படி 2: உங்கள் ஆய்வு 'அடிப்படை ஆய்வு' தானா?

இந்த முழு வழிகாட்டியிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

1985 செப்டம்பர் 21 அன்று ரீகன் அரசு என்.எஸ்.டி.டி.-189 என்ற உத்தரவை வெளியிட்டது. சோவியத் பயம் உச்சத்தில் இருந்த காலம். பல்கலைக்கழக ஆய்வையே பூட்டி வைக்கலாம் என்ற பேச்சு இருந்தபோது வந்த முடிவு: வழக்கமாகப் பிரசுரித்து அறிவியல் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளும் அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு ஆகியவற்றின் முடிவுகளுக்கு, முடிந்த அளவு, கட்டுப்பாடு கூடாது. ஈ.ஏ.ஆரும் ஐடாரும் இதே கருத்தைத் தங்களுக்குள் எடுத்துக்கொண்டன. நம்மில் ஆயிரக்கணக்கானோர் எந்த உரிமமும் இல்லாமல் இங்கே லேபில் வேலை செய்ய முடிவது இந்த விலக்கால்தான்.

இந்த விலக்கு எப்படி உடையும்? உங்கள் கிராண்டின், அதாவது ஆய்வு நிதியின், ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். 'அது மாணவர்களுக்கு எதற்கு' என்று யாராவது கேட்டால், தீசிஸை வெளியிட முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லுங்கள். இரண்டு வகை வாசகங்களைத் தேடுங்கள்.

ஒன்று, பிரசுரத்தின் மேல் கை வைக்கும் வாசகம். நிதி தருபவர் கட்டுரையை முன்கூட்டியே பார்த்து, தங்கள் ரகசியத் தகவலோ காப்புரிமை விஷயமோ இருக்கிறதா என்று சரிபார்க்க 30 அல்லது 60 நாள் கேட்டால் பரவாயில்லை, விலக்கு நிற்கும். 'எங்கள் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது' என்றால் விலக்கு போய்விட்டது. பார்வையிடுவதற்கும் அனுமதி தருவதற்கும் உள்ள அந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் 252.204-7000 என்ற எண்ணோடு வரும் பிரிவு இரண்டாவது வகை. அந்த எண்ணைக் கண்டால் அங்கேயே நிறுத்தி ஒப்பந்த அலுவலகத்திடம் கேளுங்கள்.

இன்னொன்று, ஆளைக் குறித்த வாசகம். 'அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்' அல்லது 'வெளிநாட்டவரைச் சேர்க்க முன் அனுமதி தேவை' என்று இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும் திட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தமும் கணக்கில் சேரும். நிதி தரும் கம்பெனியிடம் அட்வைசர் போனில், 'உங்களுக்குப் பிடிக்காத எதையும் வெளியிட மாட்டோம்' என்று வாய்ப்பேச்சாகச் சொன்னாலே விலக்கு ஆட்டம் காணும். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தில், நிதியைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாதிப்பு வெளிநாட்டு மாணவருக்கு.

விலக்கின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது ஆய்வில் பிறக்கும் தகவலுக்கு மட்டும். ஆய்வுக்கு உள்ளே வரும் கம்பெனி ரகசியத்துக்குக் கிடையாது. கருவிக்கும் மாதிரிக்கும் கிடையாது. ஈக்களின் மரபணு பற்றிய கட்டுரையை உலகமே படிக்கலாம். ஈயை உறையில் போட்டு அனுப்பினால் அது சரக்கு.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உள்ள வகுப்பில் கற்பதும், ஏற்கெனவே எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியான கட்டுரைகளும் கட்டுப்பாட்டுக்கு வெளியே. அங்கே கவலை வேண்டாம்.

படி 3: கருவிக்கும் பொருளுக்கும் எண் கண்டுபிடியுங்கள்

வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு உண்டு. அதை ஈ.சி.சி.என். என்பார்கள். முதல் இலக்கம் 0 முதல் 9 வரையிலான துறை. அடுத்து ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து: ஏ கருவி, பி சோதனை மற்றும் தயாரிப்புச் சாதனம், சி பொருள், டி மென்பொருள், ஈ தொழில்நுட்பம். எங்கள் லேப் கேமராவை எடுத்துக்கொண்டால், குளிரூட்டல் தேவையில்லாத வெப்பக் கேமராக்கள் 6ஏ003இல் வரும். விநாடிக்கு 9 படங்களோ அதற்குக் குறைவோ எடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் 6ஏ993 என்ற தளர்வான எண்ணுக்குப் போய்விடும். பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஊகிக்காமல், மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். வழக்கமாகச் சில நாளில் பதில் வந்துவிடும். எந்த எண்ணிலும் சேராத சாதாரணப் பொருள்களுக்கு ஈ.ஏ.ஆர்.99 என்று பெயர்.

இங்கே நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படும் ஓர் இடம் உண்டு. கட்டுப்பாட்டில் உள்ள கருவியை வெளிநாட்டு மாணவர் தொடவே கூடாதா? ஈ.ஏ.ஆரில் பெரும்பாலும் அப்படி இல்லை. 'பயன்பாட்டுத் தொழில்நுட்பம்' என்று சொல்ல, இயக்குதல், நிறுவுதல், பராமரித்தல், பழுதுபார்த்தல், முழுமையாகப் பிரித்துச் சீரமைத்தல், புதுப்பித்தல் ஆகிய ஆறும் சேர்ந்து கைமாற வேண்டும். பட்டனை அழுத்திப் படம் எடுப்பது ஒன்றுதான் நடந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஐடார் கருவி என்றால் கதை வேறு. அந்த அறைக்குள் போகும் முன்பே கேளுங்கள்.

பொருள் சாதாரணமானதாக இருந்தாலும் பெறுபவர் யார் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் வளாகம் வணிகத் துறையோடு ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. வளிமண்டலத்தை அளக்கும் ஒரு கருவியைப் பாகிஸ்தானின் விண்வெளி அமைப்பான சுபார்கோவுக்கு அனுப்பியிருந்தார்கள். கருவி வெறும் ஈ.ஏ.ஆர்.99. ஆனால் சுபார்கோ தடைப் பட்டியலில் இருந்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்து நிறுத்தி வைத்தார்கள்.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் பல அந்தப் பட்டியலில் ஏறின. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 2025 ஜனவரியில்தான், பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடும் இந்திய அரிய மணல் நிறுவனத்தோடும் சேர்ந்து, பட்டியலிலிருந்து நீங்கியது. கல்லூரி நண்பர் அங்கே விஞ்ஞானியாக இருக்கிறார், ஒரு மாதிரி அனுப்பலாமே என்று 2024இல் நினைத்திருந்தால் அது சிக்கல். இன்று நிலை வேறு. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க அரசின் ஒருங்கிணைந்த சரிபார்ப்புப் பட்டியல் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு முறையும் அனுப்பும் நாளன்று பெயரைத் தட்டிப் பாருங்கள், திரையைச் சேமித்து வையுங்கள்.

படி 4: அனுப்பும்போதும் ஊருக்குப் போகும்போதும்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021இல் 54,000 டாலர் கட்டியது. விலங்கு நோய்க்கிருமி ஒன்றின் வகைகளை 2013க்கும் 2018க்கும் இடையில் 37 முறை உரிமமின்றி வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியதற்காக. சரக்கின் மதிப்பு சுமார் 27,000 டாலர்தான். உயிரியல் லேபில் இருப்பவர்கள் பிளாஸ்மிட், வைரஸ், நச்சு எதை அனுப்பும் முன்பும் 1சி351 (நோய்க்கிருமிகளும் நச்சுகளும்), 1சி353 (அவற்றின் மரபணுக்கள்) என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். கூரியர் கவரில் 'ஆய்வு மாதிரி, மதிப்பில்லை' என்று எழுதினால் மட்டும் விதி விலகிவிடாது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பெட்டியில் லேப்டாப் வரும். பல்கலைக்கழக லேப்டாப் என்றால், தொழில் கருவியைத் தற்காலிகமாக எடுத்துச் செல்ல டி.எம்.பி. என்ற விதிவிலக்கு பெரும்பாலும் போதும். உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும், ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். சொந்த லேப்டாப்புக்கு பேக் என்ற விதிவிலக்கு. இந்தியாவுக்குப் போக இவை சாதாரணமாகச் செல்லும். ஈரானுக்கு ஒரு மாநாடு என்றால் டிக்கெட் போடும் முன்பே அலுவலகத்தைக் கேளுங்கள். ஆனால் இயந்திரம் வேறு, அதற்குள் இருக்கும் தரவு வேறு. கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கோப்புகள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டுப் போங்கள், அல்லது அலுவலகம் தரும் காலி லேப்டாப்பைக் கேட்டு வாங்குங்கள். மதுரையில் மாமா வீட்டு மாடியில் உட்கார்ந்து வி.பி.என். வழியாக அந்தக் கோப்பைத் திறந்தாலும் அது ஏற்றுமதியாகலாம்.

படி 5: உங்கள் நலன்களைச் சொல்லிவிடுங்கள்

இனி மற்ற கட்டடம், அதாவது நலன் முரண் அலுவலகம். 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்துபோனார். ஆய்வை நடத்திய மையத்தின் இயக்குநர் அதே துறையில் ஒரு கம்பெனியைத் தொடங்கியவர். அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. இந்தப் படிவங்கள் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் அந்தப் பையனைப் பற்றித்தான் சொல்வேன். தன் உடலை ஆய்வுக்குக் கொடுப்பவருக்கு, எதிரே நிற்பவரின் பணம் எங்கே இருக்கிறது என்று தெரிய உரிமை உண்டு.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) நிதி என்றால் விதி தெளிவு. 12 மாதத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து, உங்கள் பணிப் பொறுப்போடு தொடர்புள்ள வகையில், 5,000 டாலருக்கு மேல் வந்தால் தெரிவிக்க வேண்டும். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியில் ஒரு பங்கு இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது மட்டுமில்லை, கணவர் அல்லது மனைவியுடையதும், உங்களைச் சார்ந்த பிள்ளைகளுடையதும் சேரும். புதிதாக ஏதாவது சேர்ந்தால் 30 நாளுக்குள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி. பதவிப் பெயர் முக்கியமில்லை. ஆய்வை வடிவமைக்கவோ நடத்தவோ எழுதவோ பொறுப்பு உள்ள போஸ்ட்டாக்கும் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) இதில் வருவார்.

நம் ஆட்கள் தவறும் இடம் இதுதான்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிப் பெறும் மதிப்பூதியத்துக்கு விலக்கு உண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைக்கும் இந்திய அரசின் ஜியான் திட்டத்தில் சென்னை ஐஐடியில் வகுப்பு எடுத்தாலும், அதே போன்ற வஜ்ரா திட்டத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தாலும் அந்தத் தொகை கணக்கில் வரும். அவர்கள் கொடுத்த விமான டிக்கெட்டும் வரும். ஊதியமே இல்லாத கௌரவப் பதவி என்றாலும், கிராண்ட் விண்ணப்பத்தின் தன்விவரக் குறிப்பில் அதை எழுத வேண்டும். 2022ஆம் ஆண்டின் சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம் கவலைக்குரிய நாடுகளாகச் சொல்வது சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா. இந்தியா அதில் இல்லை. எனவே தாய்நாட்டோடு சேர்ந்து வேலை செய்யத் தயங்காதீர்கள், எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபர் 2021 டிசம்பரில் ஆறு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று முடிவானது. சீனாவின் வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு ஆய்வு செய்தது அந்த ஆறில் இல்லை. கேட்டபோது பொய் சொன்னது, வருமானத்தையும் சீன வங்கிக் கணக்கையும் காட்டாதது, இவைதான் இருந்தன. வெளிநாட்டு வங்கிக் கணக்கு என்றதும் ஊர் வங்கியில் உள்ள உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) நினைவுக்கு வரட்டும்: வரிக் கணக்கில் அமெரிக்க வாசியாகிவிட்ட பிறகு, எல்லாக் கணக்கும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைப் படிவம் போட வேண்டும். பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. 12 பேராசிரியர்களின் வெளிநாட்டு நிதியை விண்ணப்பங்களில் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள ஸ்டான்ஃபோர்டு 2023இல் 19 லட்சம் டாலர் கொடுத்தது.

இதையெல்லாம் எழுதும்போது சீன நண்பர்களின் முகம் எனக்கு வந்துபோகிறது. 2018 நவம்பரில் தொடங்கி 2022 பிப்ரவரி வரை அமெரிக்க நீதித் துறை நடத்திய 'சீனா முன்னெடுப்பு' என்ற வழக்கு நடவடிக்கை பல அப்பாவிகளின் வாழ்க்கையைக் குலைத்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது. டென்னசியில் அன்மிங் ஹூவை நீதிபதி விடுவித்தார். விதியைக் கடைப்பிடிப்பது வேறு, பக்கத்து மேசைக்காரரைச் சந்தேகப்படுவது வேறு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து நீங்களாகவே அவரைக் கூட்டத்திலிருந்து விலக்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை.

படி 6: அட்வைசருக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி இருந்தால்

டென்னசி பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், பிளாஸ்மாவில் பெரிய பெயர். ஆளில்லா விமானத்தின் இறக்கைக்கான பிளாஸ்மா ஆக்சுவேட்டர் (காற்றோட்டத்தை மாற்றும் கருவி) உருவாக்கும் விமானப் படை ஒப்பந்தம், நாக்ஸ்வில்லில் இருந்த ஒரு சிறு கம்பெனிக்குக் கிடைத்தது. அங்கே அந்த வேலையைப் பார்த்தவர் ராத்தின் முன்னாள் மாணவர். அதில் ஒரு பகுதி ராத்தின் லேபுக்கு வந்தது. அந்த வேலையில் சீன மாணவர் ஒருவரும் ஈரானிய மாணவர் ஒருவரும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதி அலுவலர் எச்சரித்திருந்தும், 2006இல் ராத் தன் லேப்டாப்போடு சீனா போய் வந்தார். 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2009இல், 70 வயதைத் தாண்டிய அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை.

லேபில் இருந்தது அதே மேசை, அதே ஆட்கள், நேற்று வரை செய்த அதே மாதிரியான சோதனை. பணம் வந்த வழியும் ஒப்பந்த வாசகமும் மட்டும்தான் மாறின. வேலை செய்பவருக்குக் கண்ணால் பார்த்து இது தெரியாது.

அதனால் அட்வைசருக்கு ஸ்டார்ட்அப் இருந்தால் சில விஷயங்களை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்வது பல்கலைக்கழகத்தின் எந்தக் கிராண்டில், அதன் கணக்கு எண் என்ன? கம்பெனியின் வேலையா, தீசிஸ் வேலையா? கம்பெனி ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள். கம்பெனி ரகசியத்துக்கு அடிப்படை ஆய்வு விலக்கு பொருந்தாது, உங்கள் தீசிஸின் ஓர் அத்தியாயமே பூட்டுக்குள் போய்விடக்கூடும். எஃப்-1இல் இருந்தால், அனுமதியில்லாமல் கம்பெனிக்கு வேலை செய்வது விசா மீறலும்கூட. அப்புறம், அந்தப் பேராசிரியருக்கு நலன் முரண் மேலாண்மைத் திட்டம் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கம்பெனியோடு தொடர்பில்லாத ஒருவர் உங்கள் தீசிஸ் குழுவில் இருக்க வேண்டும் என்பது அதில் வழக்கமாக வரும் நிபந்தனை.

'சார்கிட்ட இதையெல்லாம் எப்படிக் கேட்பது' என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். எனக்கும் இருந்தது. வாயால் கேட்க முடியாவிட்டால் ஏற்றுமதி அலுவலகத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திட்டத்தின் பெயர், நிதி தருபவர், உங்கள் குடியுரிமை, கையாளும் கருவியும் மென்பொருளும், தகவல் யாரிடமிருந்து வருகிறது, எங்கே அனுப்பப் போகிறீர்கள்: இந்த ஆறும் இருந்தால் போதும், அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். உரிமம் தேவை என்றால் விண்ணப்பிப்பது அவர்கள் வேலை. சில வாரமோ மாதமோ பிடிக்கலாம் என்பதால் சீக்கிரம் கேளுங்கள். உரிமம் வரும் வரை, யார் எந்த அறைக்குள் போகலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று ஒரு தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுப்பார்கள்.

படி 7: தவறு நடந்துவிட்டால்

நிறுத்துங்கள். எதையும் அழிக்காதீர்கள், பழைய மின்னஞ்சலை அழிப்பது சின்னத் தவறைப் பெரிய குற்றமாக்கிவிடும். அன்றே ஏற்றுமதி அலுவலகத்தில் சொல்லுங்கள். அரசிடம் தாமாக முன்வந்து தெரிவிக்க அவர்களிடம் நடைமுறை இருக்கிறது; இந்தியானாவின் ஈக்களுக்கும் பிரின்ஸ்டனின் கிருமிகளுக்கும் நடந்தது அதுதான்.

ஈ.ஏ.ஆர்., ஐடார் தொடர்பான ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கூரியர் ரசீது, தயாரிப்பாளர் சொன்ன எண், பட்டியலில் தேடிய ஸ்கிரீன்ஷாட், அலுவலகம் அனுப்பிய 'உரிமம் தேவையில்லை' என்ற ஒருவரிப் பதில், எல்லாம். நீங்கள் பட்டம் வாங்கிக் கிளம்பும்போது அந்த மின்னஞ்சல் முகவரி மூடப்பட்டுவிடும் என்பதால், கடைசி வாரத்தில் இவற்றை லேபின் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்று அடுத்து உங்கள் மேசைக்கு வருபவரிடம் காட்டிக் கொடுங்கள்.